யோசப்பின் அன்ரிக்கு வந்த பெட்டிகள்

மெல்பேணின் டண்டினொங் தெற்கில், காருக்குப் பின்னால் கட்டி இழுக்கும் கரவன் வீடுகள் செய்யும் தொழிற்சாலைக்கும் லொறி ரயர் விற்கும் கடைக்கும் நடுவில், நாங்கள் பதினான்கு பேர் ஸ்கீ செய்கிறோம். பனியில் சறுக்குவதற்குக் காலில் மாட்டுகிற நீளப் பலகைதான். யானைக்கும் அடி சறுக்கும் என்று நம்முடைய ஆட்கள் பார்த்துப் பார்த்து நடப்பார்கள். இந்த நாட்டில் சறுக்குவதற்கென்றே காசு கட்டி மலை ஏறுகிறார்கள். எனக்கு அதில் ஒரு முறைப்பாடும் இல்லை, அவர்கள் விழுந்தால்தான் எனக்கு வேலை. உடைந்து திரும்பி வரும் ஸ்கீக்களின் பெட்டியைப் பிரித்து, உள்ளே வைத்திருக்கும் படிவத்தைப் படித்து, கொம்பியூட்டரில் பதிந்து, திருத்தும் மேசைக்குக் கொடுப்பவள் நான். பெயர் நிரஞ்சலா. எனக்கு வாய் கொஞ்சம் கூட என்று சொல்வார்கள். குறைத்துத்தான் சொல்கிறார்கள்.

திருத்தும் மேசை யோசப்பின் அன்ரியுடையது. யோசப்பின் என்பதே அவருடைய பெயர், மன்னார் பேசாலையில் பிறந்தவர். தொண்ணூற்றாறில் கணவர் ஜெயசிங்கத்தோடும் மூன்று வயது மகன் டெனிஸோடும் மெல்பேணுக்கு வந்தார். பக்கத்துக் கரவன் தொழிற்சாலையில் பதினெட்டு வருடம் கண்ணாடி நார்த் துணிக்கு ரெசின் என்ற பசையைப் பூசினார். பிறகு எங்களிடம் வந்து பதினொரு வருடம். கையுறையோடு தடவியே, துணிக்குக் கீழே காற்றுக் குமிழி எங்கே இருக்கிறது என்று சொல்லிவிடுவார். எங்கள் ஸ்கீ ஒவ்வொன்றும் அவர் கைபட்டுத்தான் வெளியே போகிறது. ஆனால் பனியை அவர் ஒருநாளும் மிதித்ததில்லை. மலை நாலரை மணித்தியால ஓட்டம். ஏன் போகவில்லை என்று கேட்டால், "குளிர் எனக்கு ஒத்துவராது, பிள்ளை" என்பார். அது பச்சைப் பொய். மலையில் மகன் இருந்தான். அதனால்தான் போகவில்லை.

டெனிஸை எனக்குத் தெரியும். எங்கள் தொழிற்சாலைக் கதவடியில் காரை நிறுத்திவிட்டு, தாய் வரும்வரைக்கும் உள்ளே வந்து ஒவ்வொரு மெஷினாகத் தடவிப் பார்ப்பான். பல்கலைக்கழகத்தில் கணக்கியல் படிக்கப் போட்டார்கள், இரண்டாம் வருடம் விட்டுவிட்டான். தாய் ஊழியர் விலையில் வாங்கிக் கொடுத்த ஒரு சோடி ஸ்கீயைத் தூக்கிக்கொண்டு மலைக்குப் போனவன், அங்கேயே வேலை எடுத்துக்கொண்டான். காலையில் ஆட்கள் வருவதற்கு முதல் சரிவுகளில் இறங்கி, எங்கே கல் தெரிகிறது, எங்கே பனி மெல்லிசு என்று பார்த்துக் கயிறு கட்டுகிற வேலை. கெய்ட்லின் என்ற பெண்ணை அங்கேதான் சந்தித்தான். இருவரும் மலையடிவாரத்தில் மவுண்ட் பியூட்டி என்ற சின்ன ஊரில் ஒரு வீடு எடுத்து இருந்தார்கள். கல்யாணம் கட்டவில்லை. அன்ரி வாய்திறந்து ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் மாதா கோயிலில் யாராவது மகனைப் பற்றிக் கேட்டால், "அவன் மலையிலை வேலை" என்பதோடு கதையை வெட்டிவிடுவார்.

ஜெயசிங்கம் அங்கிளுக்கு ஈரலில் புற்றுநோய் என்று தெரிந்த வருடம், டெனிஸும் கெய்ட்லினும் வீட்டைப் பூட்டிவிட்டு டண்டினொங்குக்கு வந்துவிட்டார்கள். ஐந்து மாதம் இருந்தார்கள். அன்ரி வேலைக்கு வரும் நேரமெல்லாம் அந்தப் பெண்தான் அங்கிளைப் பார்த்தது. முகம் வழித்துவிட்டது, குளிக்க வார்த்தது, கஞ்சியைக் கரண்டி கரண்டியாகக் கொடுத்தது, எல்லாம் அவள்தான். அங்கிளுக்கு இங்கிலீஷ் கொஞ்சம், அவளுக்குத் தமிழ் சுத்தமாக இல்லை. இருந்தும் நான் பார்க்கப் போன அன்று இரண்டு பேரும் ரம்மி விளையாடிக்கொண்டிருந்தார்கள். அங்கிள் களவு செய்து விளையாடினார். அவள் தெரிந்தும் விட்டுக்கொடுத்தாள். இரண்டாயிரத்து இருபத்தொன்று மாசியில் அங்கிள் போய்விட்டார்.

அதற்குப் பிறகு நடந்தது எங்கள் ஆட்களுக்கு மட்டுமே நடக்கக்கூடியது. ஒரு சாவு விழுந்தால் பிரேதப் பெட்டிக்கு முதல் மரண அறிவித்தல்தான் எங்களுக்கு. இணையத்தில் படத்தோடு வரவேண்டும். இன்னாரின் அன்பு மகனும், இன்னாரின் பாசமிகு கணவரும், இன்னாரின் மாமனாரும், இன்னாரின் சகலனும் என்று உலகத்தில் எந்த மூலையில் யார் இருந்தாலும் ஒரு பெயர் தவறக்கூடாது. பெயர் தவறினால் ஏழு தலைமுறைக்குச் சண்டை. அன்ரி குசினிக் கதிரையில் இருந்து அதை எழுதினார். "டெனிஸின் பாசமிகு தந்தையும்" என்று எழுதினார். அடுத்து மாமனார் வரவேண்டிய இடத்தில் பேனையை வைத்துக்கொண்டு கனநேரம் இருந்தாராம். கோயிலில் கட்டாத பெண்ணை மருமகள் என்று எழுதினால் பேசாலையில் என்ன சொல்வார்கள், மன்னார் மேற்றிராசனத்துக் கோயில்கள் முழுக்க என்ன சொல்லும் என்று யோசித்திருக்கிறார். யோசித்து, அந்த வரியை விட்டுவிட்டார். பதினொரு சகலன்மார், மைத்துனிமார், பெறாமக்கள் எல்லாரும் அதில் இருந்தார்கள். கெய்ட்லின் மட்டும் இல்லை.

செத்தவீட்டுக்கு வந்த யாரோ போனில் அந்த அறிவித்தலைக் கெய்ட்லினுக்குக் காட்டியிருக்கிறார்கள். அவள் ஆசையாக டெனிஸிடம் கொண்டுபோய், "இதில் எது என்னுடைய பெயர்?" என்று கேட்டிருக்கிறாள். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் படித்த தமிழை வைத்துக்கொண்டு அவன் எழுத்துக்கூட்டித் தேடினான். மேலிருந்து கீழே தேடி, திரும்பவும் மேலிருந்து தேடினான். நான் பக்கத்தில்தான் நின்றேன். அவன் முகம் மாறியதைப் பார்த்தேன். அவளுக்கு என்ன சொன்னான் என்று எனக்குக் கேட்கவில்லை.

முப்பத்தோராம் நாள் பூசை முடியும்வரை பொறுத்திருந்தான். சாப்பாடு முடிந்து எல்லாரும் போனபின் பையைக் காரில் வைத்தான். எங்கள் வீடுகளில் யாரும் "போறன்" என்று சொல்லிப் படி இறங்கமாட்டார்கள். கடைக்குப் போனாலும் "போட்டு வாறன்" என்றுதான் சொல்வார்கள். டெனிஸ் தாயைப் பார்த்து, "போறன், அம்மா" என்றான். தமிழ் சரியாகத் தெரியாமல் சொல்லிவிட்டான் என்று நான் சமாதானம் சொல்லப் பார்த்தேன். அன்ரி கேட்கவில்லை. "அவனுக்குத் தெரியும்" என்றார்.

பெற்ற மனம் பித்து, பிள்ளை மனம் கல்லு என்பார்கள். அவன் கல்லுத்தான். ஞாயிற்றுக்கிழமை ஞாயிற்றுக்கிழமையாக ஒரு வருடம் அன்ரி போன் அடித்தார், அவன் எடுக்கவில்லை. பிறகு அடிப்பதை நிறுத்திவிட்டார். "அடிக்கிற சத்தம்தான் பிள்ளை கேக்கேலாமல் கிடக்கு. அங்கை போன் அவன்ரை கையிலை இருக்கு எண்டு தெரியுது" என்றார். ஓராண்டு நினைவஞ்சலியில் "மருமகள் கெய்ட்லின்" என்று முதல் வரியிலேயே போட்டார். போடும்போது பேசாலையைப் பற்றி யோசிக்கவில்லை. அதை மகனின் வட்ஸ்அப்புக்கு அனுப்பினார். இரண்டு நீலக் கோடு விழுந்தது. பதில் வரவில்லை.

அந்த வருடம் ஆடி மாதம்தான் முதல் பெட்டி வந்தது.

நான்தான் பிரித்தேன். இடது ஸ்கீயின் மூக்கு இரண்டாகப் பிளந்திருந்தது. நாங்கள் தமிழ் ஆட்கள் முன்முனையை மூக்கு என்றும் பின்முனையை வால் என்றும்தான் சொல்வோம். படிவத்தில் பெயர்: டெனிஸ் ஜெயசிங்கம். ஊர்: மவுண்ட் பியூட்டி. எப்படி உடைந்தது என்ற இடத்தில் ஒரு வரி எழுதினால் போதும், பெரும்பாலும் "கல்" என்று ஒரு சொல்தான் எழுதுவார்கள். இவன் இங்கிலீஷில் ஏழு வரி எழுதியிருந்தான். காலையில் எத்தனை மணி, என்ன சரிவு, எவ்வளவு பனி, முதல்நாள் மழை பெய்தது, மேகம் மூடியிருந்ததால் கல் தெரியவில்லை, இப்போது முழங்கால் நலம். ஸ்கீக் கம்பனிக்கு உன் முழங்காலைப் பற்றி எதற்கடா என்று நினைத்தேன். பெட்டியை அன்ரியின் மேசையில் வைத்துவிட்டு, தேத்தண்ணி போடப் போனேன். திரும்பி வந்தபோது அவர் படிவத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார்.

உலகத்தில் ஸ்கீக் கம்பனிக்கா பஞ்சம்? தாய் எங்கே வேலை செய்கிறார் என்று அவனுக்குத் தெரியும். தாய்க்கும் அது தெரியும். "அப்ப நீங்கள் ஒரு துண்டு எழுதி உள்ளை வையுங்கோ" என்றேன்.

"வேண்டாம், பிள்ளை."

"ஏன் வேண்டாம்?"

"எழுதினா அவன் பதில் எழுதவேணும். எழுத விருப்பம் இல்லாட்டி வேறை இடத்திலை வாங்கிப்போடுவான். இப்ப அவன் எனக்கு அனுப்பேல்லை, கம்பனிக்குத்தான் அனுப்புறான். அப்பிடியே இருக்கட்டும்."

எனக்குக் கோபம் வந்தது. பித்தாக இருக்கவேண்டிய மனமும் இந்த வீட்டில் கல்லாகிவிட்டது என்று பேசினேன். அவர் ஸ்கீயைக் கவ்வியில் இறுக்கித் திருத்தத் தொடங்கினார். மற்றவர்களுடையதை அரை நாளில் முடிப்பவர், அந்தச் சோடியை ஒரு கிழமை வைத்திருந்தார். அடிப்பக்கத்துக் கீறல்களை வெளிச்சத்தில் சரித்துப் பார்ப்பார். "இடது காலிலைதான் பாரம் முழுக்கப் போடுறான். வலது முழங்கால் இன்னும் நோகுது போலை." இன்னொருநாள், "வாலைப் பார், சீமெந்திலை ஊண்டி ஊண்டி நிப்பாட்டியிருக்கிறான். சின்னனிலை செருப்பையும் இப்பிடித்தான் தேய்ப்பான்." மகன் எழுதிய ஏழு வரி அவருக்குப் போதவில்லை, ஸ்கீயையும் படித்தார்.

அடுத்த வருடம் ஆவணியில் இரண்டாவது பெட்டி வந்தது. படிவத்தில் ஒன்பது வரி. தவிட்டு நிறத்தில் ஒரு நாய் வாங்கியிருக்கிறார்களாம், அது ஸ்கீக்குக் குறுக்கே ஓடியதால் கல்லில் ஏற்றவேண்டி வந்ததாம். அன்ரி நாலு நாள் அந்த நாயைப் பற்றியே கதைத்தார். என்ன பெயர் வைத்திருப்பார்கள், வீட்டுக்குள் படுக்கவிடுவார்களா, அந்தக் கெய்ட்லின் பிள்ளைதான் நாய் கேட்டிருக்கும் என்று. நான் கேலி செய்தேன், "பேரப்பிள்ளை கிடைச்ச மாதிரியெல்லோ இருக்கு உங்களுக்கு" என்று. அவர் சிரித்தார். சிரித்த முகம் அப்படியே அழப் போனது. அவர் மகனுக்காக ஏங்கினார். அதைச் சுற்றிவளைத்துச் சொல்ல எனக்குத் தெரியாது. ஆனி மாதம் மலையில் பனி விழத் தொடங்கியதிலிருந்து புரட்டாசி வரைக்கும், கூரியர் வான் வரும் பதினொரு மணிக்கு அவர் தண்ணீர் குடிக்க எழும்பி என் பக்கம் வருவார். தண்ணீர்க் குழாய் அவருடைய பக்கத்திலும் ஒன்று இருக்கிறது.

மூன்றாவது பெட்டி போன வருடம் வந்தது. படிவம் வேறு கையெழுத்தில் இருந்தது. கெய்ட்லின் எழுதியிருந்தாள். ஒரே ஒரு வரி. மூக்கு கல்லில் பிடித்துப் பிளந்து அவன் தலைகுப்புறப் போனான், தோள்மூட்டில் சத்திரசிகிச்சை, இந்தப் பருவம் இனி அவன் சறுக்கமாட்டான்.

அன்ரி படித்துவிட்டுக் கழிப்பறைக்குப் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டார். அரை மணித்தியாலம் வெளியே வரவில்லை. நான் போய்த் தட்டினேன். உள்ளே இருந்தபடியே சொன்னார்.

"பிள்ளை, எனக்குத் தெரியும்."

"என்ன தெரியும்?"

"இது ஏன் உடையுது எண்டு. போன வருஷமே தெரியும்."

கதவைத் திறக்கச் செய்து, சாப்பாட்டு மேசைக்குக் கூட்டிக்கொண்டுவந்து இருத்தினேன். அவர் சொன்னதை எனக்கு விளங்கியபடி சொல்கிறேன். ஸ்கீயின் நடுவில் மரம், அதற்கு மேலும் கீழும் ரெசின் பூசிய கண்ணாடி நார்த் துணி, ஓரத்தில் இரும்பு விளிம்பு. மரம் மூக்குவரை போகாது. நாலு விரல் அகலத்துக்கு முன்னாலேயே நின்றுவிடும், அங்கிருந்து ஒரு பிளாஸ்டிக் துண்டு. டெனிஸின் ஸ்கீ மூன்று தரமும் சரியாக அந்த இடத்தில்தான் பிளந்தது. மற்ற ஆட்களுடையதும் அங்கேதான் உடையும், ஆனால் அவற்றை ஒரு கிழமை யார் வைத்துப் பார்த்தார்கள்?

"மரமும் அதிலை முடியுது. துணி இரண்டு மடிப்பும் அதிலை முடியுது. இரும்பும் அதிலை முடியுது. எல்லாம் ஒரே கோட்டிலை முடிஞ்சா அந்தக் கோடு எப்பிடித் தாங்கும்? கரவன் மூலையிலை நாங்கள் ஒருநாளும் அப்பிடிச் செய்யமாட்டம். ஒண்டு முடிஞ்சு ஒரு விரல் தள்ளித்தான் மற்றது முடியும்."

"இதை ஏன் யுவனேஷிட்டைச் சொல்லேல்லை?" யுவனேஷ் எங்கள் வடிவமைப்பாளர். மலேசியா கிள்ளானில் இருந்து படிக்க வந்து இங்கேயே எஞ்சினியர் ஆனவர்.

அன்ரி மேசையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "உடையாட்டிப் பெட்டி வராது, பிள்ளை."

ஒரு வருடம் முழுக்க இந்த மனுசி அதை நெஞ்சுக்குள் வைத்துக்கொண்டு, உடையும் என்று தெரிந்த மூக்கைத் தன் கையாலேயே ஒட்டி மகனுக்கு அனுப்பியிருக்கிறார். கடிதத்துக்கு ஆசைப்பட்டு அப்படிச் செய்தார். பிழை என்றால் பெரிய பிழைதான். ஆனால் திட்ட எனக்கு மனம் வரவில்லை, அவர் ஏற்கெனவே கழிப்பறைக்குள் தன்னைத் திட்டி முடித்திருந்தார்.

முகத்தைக் கழுவிக்கொண்டு நேரே யுவனேஷின் அறைக்குப் போனார். உடைந்த ஸ்கீயையும் கொண்டுபோனார்.

யுவனேஷ் நல்ல பையன், ஆனால் எல்லாவற்றையும் கொம்பியூட்டரில் வளைத்துப் பார்த்து நம்புகிறவர். அன்ரி சொல்லச் சொல்ல ஸ்கீயைப் புரட்டிப் பார்த்தார். பிறகு எழுந்து போய்க் கிடங்கிலிருந்து உடைந்தவை இருபது சோடியைக் கொண்டுவந்து நிலத்தில் வரிசையாகப் போட்டார். எல்லாவற்றிலும் ஒரே இடம். "அன்ட்டி, நான் மேல் பூச்சை மாத்திக்கிட்டு, பிளாஸ்டிக்கை மாத்திக்கிட்டு ரெண்டு வருஷமா சுத்திக்கிட்டு இருக்கேன்" என்றார். குரலில் வெட்கம் தெரிந்தது.

கோடை முழுக்க அந்த வேலைதான். மரத்தின் நுனியை நேராக வெட்டாமல் மீன்வால் மாதிரி வெட்டினார்கள், இணைப்பு ஒரே கோட்டில் விழாமல் இருக்க. துணி மடிப்புகளை ஒவ்வொரு விரல் தள்ளித் தள்ளி முடித்தார்கள். இரும்பு விளிம்பை மூக்கைச் சுற்றி முழுதாக வளைத்தார்கள். அதற்குக் கீழே, கல் அடிப்பதை வாங்கிக்கொள்ள மெல்லிய ரப்பர் ஒன்று வைத்தார்கள். வாலுக்கு நுனியில் கெட்டியான ஒரு கட்டை. எல்லாரும் கார்த் தரிப்பிடத்துச் சீமெந்தில் வாலை ஊன்றித்தான் நிறுத்துகிறார்கள், நிறுத்தாதே என்று யாருக்குச் சொல்ல முடியும்.

சோதிப்பதற்கு ஒரு பழைய ஐஸ்கிரீம் குளிர்சாதனப் பெட்டி வாங்கினார்கள். வெட்டிய மூக்குத் துண்டுகளை ஒருநாள் அதற்குள் கிடத்திக் குளிரவைப்பார்கள், குளிரில்தான் ரெசின் நொறுங்கும். பிறகு ஐந்து கிலோ இரும்புக் குண்டை இடுப்புயரத்திலிருந்து அதன்மேல் விழுத்துவார்கள். பழைய மூக்கு நாலாவது அடியில் பிளந்தது. புதியதின் முதல் வடிவம் ஏழாவது அடியில் போனது, ரெசின் ரப்பரில் ஒட்டவில்லை. இரண்டாவதில் அன்ரி ரப்பரை மண்கடதாசியால் தேய்த்துவிட்டார். ஒட்டியது, ஆனால் ரப்பர் தடிப்பு என்பதால் மூக்குப் பாரமாகித் தொங்கியது. முதலாளி கிரெக், இதை மாட்டினால் சறுக்க முடியாது, கிணறுதான் வெட்டலாம் என்றார். ரப்பரைப் பாதியாக்கினார்கள். மூன்றாவது வடிவம் பத்து அடி தாங்கியது. இருபது அடி தாங்கியது. குண்டைத் தூக்கித் தூக்கி யுவனேஷின் கைதான் நொந்தது. நாற்பத்தோராவது அடியில் ஒரு மயிர்க்கோடு மட்டும் விழுந்தது. கிரெக் கைதட்டினார், எல்லோரும் கைதட்டினார்கள். அன்ரி துண்டைக் கையில் எடுத்து அந்தக் கோட்டைத் தடவிப் பார்த்தார். "இது இனி உடையாது" என்று தமிழில் சொன்னார். யுவனேஷ் அதைச் சந்தோஷமாக கிரெக்குக்கு மொழிபெயர்த்தார். அதில் சந்தோஷம் மட்டும் இல்லை என்று அந்த இடத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும்.

உத்தரவாதப்படி டெனிஸுக்குப் புதுச் சோடி போகவேண்டும். புதிய வடிவத்தின் முதல் சோடியை அன்ரி அவனுக்கென்று செய்தார். ஒரு நாள் முழுக்க வேறு எதையும் தொடவில்லை. வைகாசியில் நானே பெட்டி கட்டினேன். "இப்பவாவது ஒரு வரி எழுதுங்கோ" என்றேன். பேனையைக்கூடக் கையில் கொடுத்தேன். வாங்கினார், யோசித்தார், திருப்பித் தந்துவிட்டார். "தோள் சுகமோ எண்டுதான் கேக்கவேணும். அதைக் கேட்டா, போன வருஷம் தெரிஞ்சுகொண்டு சும்மா இருந்ததையும் சொல்லவேணும்" என்றார். பெட்டியை ஒட்டினேன்.

இந்த வருடம் ஆனியில் பனி விழுந்தது. பதினொரு மணிக்கு வான் வந்தது, அன்ரி தண்ணீர் குடிக்க வந்தார். ஆடி போனது. திரும்பி வரும் பெட்டிகளே குறைந்துவிட்டன. வந்ததெல்லாம் பழைய வடிவம். கிரெக் சுவரில் ஒரு வரைபடம் ஒட்டிவைத்தார், கோடு கீழே கீழே போனது. எனக்கு வேலை இல்லாமல் பண்ணிவிட்டீர்கள் என்று அன்ரியைக் கேலி செய்தேன். அவர் சிரிக்கவில்லை. ஆவணி போனது. அவன் வேலைக்குத் திரும்பினானா, தோள் சரியா, நாய் இருக்கிறதா, ஒன்றும் தெரியாது. ஒருநாள் அவர் என்னிடம், "நான் நல்லாச் செய்துபோட்டன் போலை" என்றார். "ஓம், நல்லாத்தான் செய்தனீங்கள்" என்றேன். மகன் விழாமல் இருக்கவேண்டும் என்றுதானே செய்தார். மகன் விழவில்லை. அதனால் அவருக்கு மகன் இல்லை. புரட்டாசியில் அவர் தண்ணீர் குடிக்க என் பக்கம் வருவதை நிறுத்திவிட்டார்.

புரட்டாசிக் கடைசிச் செவ்வாய்க்கிழமை வான்காரர் நீளப் பெட்டி ஒன்றை என் மேசைமேல் போட்டார். மவுண்ட் பியூட்டி. கத்தியை எடுக்கும்போதே எனக்குப் பயம் வந்தது. புது வடிவத்தில் முதல் சோடி, அதுவும் உடைந்துவிட்டதா, அவன் எப்படி இருக்கிறான் என்று. பிரித்தேன். மூக்கைப் பார்த்தேன், பிளக்கவில்லை. மற்றதைப் பார்த்தேன். வால் இரண்டையும் பார்த்தேன். ஓர் இடத்திலும் உடைவு இல்லை. படிவம் டெனிஸின் கையெழுத்தில் இருந்தது. எப்படி உடைந்தது என்ற இடத்தில் இங்கிலீஷில் எழுதியிருந்தான்: உடையவில்லை. பருவம் முடியப்போகிறது. இந்த வருடம் நாலு தரம் கல்லில் ஏற்றினேன், உடையவேயில்லை. ஆனாலும் அனுப்புகிறேன்.

அவ்வளவுதான். நான் தேத்தண்ணி போடப் போகவில்லை, பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடினேன்.

அன்ரி படிவத்தைப் படித்தார். பிறகு ஸ்கீயைக் கவ்வியில் வைத்து, வழமையாகத் தேடுவதுபோல மூக்கிலிருந்து வால்வரை தடவினார். மூக்கின் இரும்பில் நாலு இடத்தில் கல் அடித்த தழும்பு இருந்தது. ஒவ்வொன்றிலும் விரலை வைத்துப் பார்த்தார். உடைவு ஒன்றும் இல்லை என்று அவருக்கு முதலே தெரியும், இருந்தும் அடுத்ததையும் எடுத்துத் தடவினார். கிரெக் வந்து பெட்டியைப் பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தார். உடையாத ஸ்கீயை ஒரு மனிதன் ஏன் செலவழித்து அனுப்பவேண்டும், இதை என்னவென்று பதிவது என்று என்னைக் கேட்டார். நான் அன்ரியைப் பார்த்தேன். அவர் கண்ணைத் துடைக்கவில்லை, கையெல்லாம் ரெசின்.

"பதியவேண்டாம் எண்டு சொல்லு, பிள்ளை. கூரியருக்கும் குடுக்கவேண்டாம். நான் கொண்டுபோய்க் குடுக்கிறன்."

கிரெக்குக்கு நான் சொன்னேன். அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை, ஆனாலும் சரி என்றார்.

சனிக்கிழமை நான்தான் கார் ஓட்டுவது என்று முடிவானது. என்னை யாரும் கேட்கவில்லை, அதுவாக முடிவானது. முதலில் ஒரு போன் அடித்துச் சொல்லிவிட்டுப் போவோம் என்றேன். அன்ரி பெட்டியின் மூடியைத் திரும்ப ஒட்டிக்கொண்டே தலையை ஆட்டினார்.

"அடிச்சா, நான் என்னத்துக்கு வாறன் எண்டு சொல்லவேணும். அப்பிடியே போய்க் கதவடியிலை நிப்பம்." ஒட்டியதை உள்ளங்கையால் அழுத்தித் தேய்த்தார். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தார். "ஸ்கீ குடுக்க வந்தனான் எண்டு சொன்னாத் திறப்பான்தானே, பிள்ளை?"

"திறப்பான்" என்றேன்.

"அந்தப் பிள்ளை திறந்தா?"

"அவ திறந்தா, அவவிட்டைக் குடுத்திட்டு, உன்ரை மாமி வந்திருக்கிறன் எண்டு சொல்லுங்கோ."